திங்கட்கிழமைப் பட்டியலும் முடிவில்லாத் திரையும்

ஸ்பாட்டிஃபை செயலியில் 2015க்கு முன்பே புதிய இசையைப் பரிந்துரைக்கும் தனிப் பக்கம் ஒன்று இருந்தது. ஒவ்வொருவரும் எதைக் கேட்கிறார் என்பதைக் கணக்கில் கொண்டு, அவர் அதுவரை கேட்டிராத கலைஞர்களையும் ஆல்பங்களையும் அந்தப் பக்கம் வரிசை வரிசையாக அடுக்கிக் காட்டியது. கணக்கில் பெரிய குறை ஏதும் இல்லை. ஆனாலும் மக்கள் அங்கே அதிக நேரம் தங்கவில்லை; நிறுவனத்தின் ஆசிரியர் குழு எல்லோருக்கும் பொதுவாகத் தொகுத்து வைத்திருந்த பிளேலிஸ்ட்டுகளில்தான் கூடுதல் நேரத்தைச் செலவிட்டனர். தனக்கென்றே தயாரித்துத் தந்ததை விட்டுவிட்டு, ஊருக்கெல்லாம் பொதுவானதை ஒருவர் ஏன் நாடுகிறார் என்ற கேள்விக்கு, அங்கே பணியாற்றிய கிறிஸ் ஜான்சன், எட்வர்ட் நியூவெட், மேத்யூ ஓகிள் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் கண்ட விடை எளிமையானது: அட்டைப்படங்கள் நிறைந்த ஒரு பக்கத்தைப் பார்த்து எதைத் தொடுவது என்று முடிவுசெய்வதே ஒரு வேலை, பிளேலிஸ்ட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், இசை ஓடத் தொடங்கிவிடும்.

இந்த எண்ணத்திலிருந்து 2015 ஜூலையில் ‘டிஸ்கவர் வீக்லி’ பிறந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் 30 பாடல்கள் கொண்ட ஒரு பட்டியல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வந்து சேரும். அடுத்த திங்களன்று அது போய்ப் புதியது வரும். 2016 மே மாதத்துக்குள் 4 கோடிப் பேர் அதைக் கேட்டிருந்தனர், அதன் வழியாக ஏறத்தாழ 500 கோடி முறை பாடல்கள் ஒலித்திருந்தன என்று நிறுவனம் அறிவித்தது. முன்பு புறக்கணிக்கப்பட்ட பக்கத்துக்குப் பின்னால் இருந்த அறிவுதான், சில மாற்றங்களுடன், இந்தப் பட்டியலுக்குப் பின்னாலும் இருந்தது. மாறியது அது வந்து சேர்ந்த வடிவம். ஆகவே, ஸ்ட்ரீமிங் செயலிகளில் இசையைக் கண்டடையும் வசதிகளை மாற்றியமைப்பது பற்றிப் பேசும்போது, எந்தப் பாட்டை இயந்திரம் தேர்ந்தெடுக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்வது பாதிப் பேச்சுதான். அந்தப் பாட்டு எப்போது, எந்த அளவில், எதற்குப் பக்கத்தில், என்ன பெயரோடு நம் முன் வைக்கப்படுகிறது என்பது மற்றொரு பாதி. என் பார்வையில் அதுவே பெரிய பாதி.

முப்பது என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கேட்டு முடித்துவிடலாம். முடிந்துவிட்டது என்ற உணர்வு கேட்பவருக்குக் கிடைக்கிறது. பிடித்த இரண்டு மூன்று பாடல்களை எடுத்துத் தன் பட்டியலில் வைத்துக்கொள்கிறார். மீதியைப் பற்றிக் கவலைப்படாமல் அடுத்த வாரத்துக்குக் காத்திருக்கிறார். வார இதழுக்காகக் காத்திருந்து பழகியவர்களுக்கு இந்தத் தாளம் புதியதன்று. பட்டியல் மறைந்துவிடும் என்பதால் அதற்குள் ஒருமுறையேனும் கேட்டுவிட வேண்டும் என்ற மெல்லிய அவசரமும், தவறிப்போனாலும் அடுத்தது வரும் என்ற நிம்மதியும் ஒன்றாகவே இருந்தன.

இந்தப் பட்டியலின் தொடக்க காலத்தில் நடந்த ஒரு பிழையை, அதை உருவாக்கியவர்களே பின்னர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் இதற்கு முன் கேட்ட பாடல் எதுவும் பட்டியலில் வரக்கூடாது என்பதுதான் அவர்களுடைய திட்டம். நிரலில் இருந்த தவறு ஒன்றினால், ஏற்கெனவே கேட்ட சில பாடல்களும் இடையிடையே நுழைந்துவிட்டன. தவறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். பட்டியலைக் கேட்பது உடனே குறைந்தது. முற்றிலும் அறியாத முப்பது பெயர்கள் வரிசையாக வந்து நின்றால், இதில் எனக்கானது இருக்கிறதா என்ற ஐயம் எழுகிறது. நடுவில் தெரிந்த முகம் ஒன்று தென்பட்டால், என்னைத் தெரிந்தவர்தான் இதைத் தொகுத்திருக்கிறார் என்ற நம்பிக்கை பிறக்கிறது, மற்ற இருபத்தொன்பதையும் அந்த நம்பிக்கையோடு கேட்கத் தோன்றுகிறது. கச்சேரி மேடையில் அபூர்வமான ராகம் ஒன்றை எடுத்துக்கொள்ளும் பாடகர், அதற்கு முன்னும் பின்னும் அவையோர் நன்கறிந்த கீர்த்தனைகளை வைப்பதற்கும் இதே காரணம்தான். தற்செயலாகக் கிடைத்த இந்தப் பாடத்தை இன்றுவரை பல வடிவமைப்பாளர்கள் மறந்துவிடுகிறார்கள் என்பதே என் வருத்தம்: புதுமையை மட்டும் ஊட்டினால் நம்பிக்கை போய்விடுகிறது, பழக்கத்தை மட்டும் ஊட்டினால் கண்டடைதல் என்ற சொல்லுக்குப் பொருளே இல்லாமல் போகிறது.

இயந்திரம் இதையெல்லாம் எப்படி அறிகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். 1994இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் உபேந்திர ஷர்தானந்த், பேட்டி மேஸ் ஆகியோர் ‘ரிங்கோ’ என்ற அமைப்பை உருவாக்கினர். இசைக்கலைஞர்களுக்குத் தாம் தரும் மதிப்பெண்களை மக்கள் மின்னஞ்சலில் அனுப்புவார்கள். ஒத்த ரசனை உடைய மற்றவர்கள் எதை விரும்பினார்கள் என்று பார்த்து ரிங்கோ பதில் அனுப்பும். நண்பர் வாய்மொழியாகச் சொல்வதைக் கணினியைக் கொண்டு செய்வதே நோக்கம். 2000இல் தொடங்கிய, பின்னர் இணைய வானொலியாக வளர்ந்த பண்டோராவின் திட்டம் எதிர்த் திசையில் சென்றது: இசை கற்ற மனிதர்கள் ஒவ்வொரு பாட்டையும் உட்கார்ந்து கேட்டு, குரலின் தன்மை முதல் தாளக்கட்டு வரை 450 வரையிலான கூறுகளைக் குறித்தார்கள். 2002இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக மாணவர் ரிச்சர்ட் ஜோன்ஸ் தொடங்கிய ஆடியோஸ்கிராப்ளர், ஒருவர் கணினியில் கேட்கும் பாட்டையெல்லாம் தானாகப் பதிவுசெய்தது. அது பின்னர் லாஸ்ட்.எஃப்எம் என்ற இசைத் தளத்தோடு இணைந்தது. ஸ்பாட்டிஃபை 2014 மார்ச்சில் வாங்கிய எக்கோ நெஸ்ட் நிறுவனமோ, இணையத்தில் இசையைப் பற்றி எழுதப்பட்டவற்றையும் ஒலிக்கோப்பையும் சேர்த்தே ஆராய்ந்தது.

இவற்றுள் மிகவும் வலுவாக நிலைத்தது ரிங்கோவின் வழிதான். கோடிக்கணக்கான மக்கள் தாங்களே தொகுத்த பிளேலிஸ்ட்டுகளில் எந்தெந்தப் பாடல்கள் அடிக்கடி அருகருகே வருகின்றன என்று பார்ப்பதே டிஸ்கவர் வீக்லியின் முதுகெலும்பு. இதில் உள்ள குறை வெளிப்படையானது. யாரும் இன்னும் கேட்காத பாட்டு எந்தப் பட்டியலிலும் இல்லை. எந்தப் பட்டியலிலும் இல்லாததால் யாருக்கும் அது பரிந்துரைக்கப்படுவதில்லை. 2014இல் ஸ்பாட்டிஃபையில் பயிற்சிப் பணியில் இருந்த சாண்டர் டீலமன், ஒலியலையை மட்டும் கொண்டு ஒரு பாட்டு எந்த வகைக் கேட்பவரிடம் போய்ச் சேரும் என்று கணிக்க, தரவிலிருந்து தானே கற்கும் கணினி முறையான நரம்பியல் வலைப்பின்னலைப் பழக்கிப் பார்த்தது இந்தக் குறையைத் தாண்டுவதற்காகத்தான்.

தேர்ந்தெடுத்த பாட்டை நம் முன் வைக்கும் இடம் முகப்புத் திரை. அங்கே மேலிருந்து கீழாக அடுக்குகளும், ஒவ்வோர் அடுக்கிலும் இடமிருந்து வலமாக அட்டைகளும் இருக்கின்றன. எந்த அடுக்கு முதலில், எந்த அட்டை முதலில் என்பதைச் செயலி ஒவ்வொரு முறையும் தீர்மானிக்கிறது. ஸ்பாட்டிஃபையின் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இதன் உள்வேலையை விளக்குகிறது. வெளியூரில் பசியோடு நிற்கும் ஒருவர், நேற்றுச் சாப்பிட்ட கடைக்கே போவதா, எதிரில் உள்ள புதுக் கடையை முயன்று பார்ப்பதா என்று தடுமாறுவதைப் போன்ற கணக்கு அது. தெரிந்த கடையில் ஏமாற்றம் இல்லை, அதைவிட நல்லது எதிரில் இருந்தால் அது கடைசிவரை தெரியாமலே போகும். ஆகவே செயலி பெரும்பாலும் தெரிந்ததைக் காட்டி, அவ்வப்போது தெரியாத ஒன்றை முன்வைத்து, என்ன நடக்கிறது என்று கவனிக்கிறது. அடுக்கின் தலைப்பாக அமையும் “நீங்கள் இவரைக் கேட்டதால்” போன்ற காரணமும் அந்தக் கணக்கின் ஓர் உறுப்புதான்; ஒரே பிளேலிஸ்ட்டை வெவ்வேறு காரணம் சொல்லிக் காட்டினால் மக்கள் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கிறார்கள்.

என்ன நடந்தால் அது வெற்றி? அந்தக் கட்டுரையில் கொள்ளப்பட்ட அளவுகோல் 30 விநாடி. அட்டையைத் தொட்டு, அதிலுள்ள ஒரு பாட்டையாவது 30 விநாடிக்கு மேல் கேட்டால் வெற்றி, இல்லையேல் தோல்வி. ஒரு பாட்டு கேட்கப்பட்டதாகக் கணக்கில் ஏறி, அதற்கு ராயல்டி எனும் உரிமைத்தொகை சேர்வதற்கும் ஸ்பாட்டிஃபை இதே 30 விநாடியைத்தான் வைத்திருக்கிறது. அளப்பதற்கு இது வசதியானது. ஆனால் அடுப்படியில் வேலையாக இருந்தவர் மாற்ற மனமில்லாமல் ஓடவிட்ட பாட்டும், ஒருவரை நின்ற இடத்தில் நிறுத்திய பாட்டும் இந்த அளவுகோலுக்கு ஒன்றே. மெதுவாக விரியும் ஆலாபனையை, இன்று இதற்கு மனநிலை இல்லை, ஞாயிற்றுக்கிழமை நிதானமாகக் கேட்போம் என்று இருபதாவது விநாடியில் நிறுத்தி வைத்தவரின் செயல் தோல்வியாகப் பதிவாகிறது. திரையை எத்தனை அழகாக மாற்றி வரைந்தாலும், அடியில் இருக்கும் அளவுகோல் மாறாவிட்டால், சில மாதங்களில் புதிய திரையும் பழைய பாடல்களையே காட்டத் தொடங்கிவிடும்.

திரையின் இடவமைப்புக்கு இருக்கும் வலிமையை இரண்டு ஆய்வுகள் நன்றாகக் காட்டுகின்றன. மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகியோர் 14,341 பேரைக் கொண்டு நடத்தி 2006இல் வெளியிட்ட சோதனை முதலாவது. அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை ஓர் இணையதளத்தில் வைத்தார்கள். பிறர் எத்தனை முறை இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கை சிலருக்குக் காட்டப்பட்டது, சிலருக்குக் காட்டப்படவில்லை. எண்ணிக்கையைப் பார்த்தவர்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத எட்டுத் தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். ஓர் உலகத்தில் உச்சியில் நின்ற பாட்டு மற்றோர் உலகத்தில் நடுவிலோ கீழோ கிடந்தது. மிக நல்ல பாடல்கள் அடிமட்டத்துக்குப் போனதும் மிக மோசமானவை உச்சிக்கு வந்ததும் அரிது. இடையில் இருந்தவற்றுக்கு எதுவும் நேரலாம் என்ற நிலை. பாடல்களை எண்ணிக்கை வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டியபோது இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் பெரிதாயிற்று. பாட்டு மாறவில்லை, கேட்பவரின் காதும் மாறவில்லை. பக்கத்தின் அமைப்பு மட்டுமே மாறியது.

ஆந்த்ரேஸ் ஃபெராரோ, சேவியர் செர்ரா, கிறிஸ்டின் பாவர் ஆகியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வு மற்றொன்று. வழக்கமான பரிந்துரை அல்காரிதம் ஒன்று தரும் வரிசையில், பெண் கலைஞர் ஒருவரின் பாட்டு சராசரியாக ஏழாவது எட்டாவது இடத்தில்தான் முதன்முதலில் வந்தது. மேலே இருப்பதையே மக்கள் கேட்பார்கள், கேட்பதையே இயந்திரம் கற்கும், கற்றதையே மீண்டும் மேலே வைக்கும். ஆண் கலைஞர்களின் பாடல்களைச் சில இடங்கள் மட்டும் கீழே நகர்த்தி, பல சுற்றுகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, காலப்போக்கில் இயந்திரம் தானாகவே சமநிலைக்கு நெருங்கி வரக் கற்றுக்கொண்டது. சிறிய இடமாற்றம் ஒன்று சுழலின் திசையை மாற்றுகிறது என்றால், முகப்பில் எது எங்கே இருக்கிறது என்பதை வெறும் அலங்காரமாக நினைப்பதற்கில்லை.

2023 மார்ச் 8 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த நிகழ்ச்சியில் ஸ்பாட்டிஃபை தன் முகப்பின் பெரும் மாற்றத்தை அறிவித்தது. விரலால் மேல்நோக்கித் தள்ளத் தள்ள, திரை நிறைய வரும் பெரிய அட்டைகள், அசையும் படங்கள், பாட்டின் சிறு துணுக்குகள். டிக்டாக்கைப் பயன்படுத்தியவர் எவருக்கும் அந்த அசைவு பழக்கமானதே. நிறுவனத்தின் பக்க நியாயத்தை நான் மறுக்கவில்லை: இளைய தலைமுறை புதுப் பாட்டைக் குறுங்காணொளிகளில்தான் முதலில் கேட்கிறது, இரண்டு நிமிடம் காத்திருக்காமல் ஒரு துணுக்கைக் கேட்டு முடிவுசெய்வது பலருக்கு உதவியாகவும் இருக்கிறது. ஆனால் பயனர்களிடமிருந்து எழுந்த எதிர்ப்பும் பலமாகவே இருந்தது. ஏற்கெனவே விரும்பிக் கேட்டுவரும் ஆல்பத்தைத் தேடி வந்தவருக்கு அது தொலைவில் போனது. ஒரே திரையில் எட்டுப் பத்து அட்டைகள் தெரிந்த இடத்தில் ஒன்றே ஒன்று தெரிந்தது. இன்னொரு மாற்றமும் இதில் இருக்கிறது. திங்கட்கிழமைப் பட்டியலுக்குத் திரையைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. பொத்தானை அழுத்திவிட்டுக் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். முடிவில்லாத் திரை கண்ணைக் கேட்கிறது, விரலைக் கேட்கிறது. முப்பதாவது அட்டைக்குப் பிறகு முப்பத்தொன்றாவது வருகிறது, ஆகவே கையில் இருப்பதை முழுதாகக் கேட்பதற்கான காரணம் ஒவ்வொரு தள்ளலிலும் குறைகிறது. இசையைப் பொறுத்தவரை இது பெரிய இழப்பு என்று நான் உறுதியாக நினைக்கிறேன், ஏனெனில் பாட்டு என்பது நேரத்தில் விரியும் கலை. பல்லவியின் துணுக்கைக் கேட்டுத் தள்ளிவிட்டவருக்கு அதன் சரணம் என்ன செய்திருக்கும் என்பது தெரிய வழியே இல்லை.

நிறுவனத்தின் வணிக நலனும் முடிவில்லாத் திரைக்கு எதிர்ப்பக்கம்தான் சாய்கிறது என்று எண்ண இடமுண்டு. ஸ்பாட்டிஃபையின் ஆய்வாளர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, அல்காரிதம் தருவதைக் கேட்கும்போது மக்களின் கேட்பு குறுகலாக இருந்தது. நாளடைவில் பலவகை இசைக்குள் பரந்து செல்பவர்கள் அல்காரிதத்தை விட்டு விலகித் தாங்களே தேடிக் கேட்கும் பக்கம் நகர்ந்தவர்களாக இருந்தனர். அதைவிட முக்கியமான முடிவு ஒன்றும் அதில் உண்டு. பலதரப்பட்ட இசையைக் கேட்பவர்களே செயலியை விட்டுப் போகாமல் நீண்டகாலம் இருக்கிறார்கள், இலவசக் கணக்கிலிருந்து சந்தாவுக்கு மாறுகிறவர்களும் அவர்களிடையே அதிகம். இன்றைய தொடுதலை அதிகரிக்கும் திரை, நாளைய சந்தாதாரரை இழக்கும் திரையாகவும் இருக்கக்கூடும்.

பரிந்துரைக்குள் பணம் நுழையும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். 2020 நவம்பரில் ஸ்பாட்டிஃபை ‘டிஸ்கவரி மோட்’ என்ற ஏற்பாட்டை அறிவித்தது. பாட்டை வெளியிடும் லேபிள் நிறுவனமோ கலைஞரோ குறிப்பிட்ட பாட்டைத் தெரிவுசெய்து கொடுத்தால், ரேடியோ, ஆட்டோபிளே போன்று செயலியே அடுத்தடுத்த பாட்டைத் தொடுத்துத் தரும் இடங்களில் அது வருவதற்கான வாய்ப்பு கூடும். முன்பணம் இல்லை, ஆனால் அந்த இடங்களில் ஒலிக்கும் ஒவ்வொரு முறைக்கும் கலைஞர் தரப்புக்குக் குறைந்த ராயல்டியே கிடைக்கும். எல்லோரும் இதில் சேர்ந்துவிட்டால் யாருக்கும் முன்னுரிமை இருக்காது, ராயல்டி மட்டும் எல்லோருக்கும் குறைந்திருக்கும் என்ற கவலையை, 2021 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஜெரால்ட் நாட்லர், ஹாங்க் ஜான்சன் ஆகியோர் நிறுவனத்துக்குக் கடிதமாகவே எழுதினர். வானொலியில் பணம் வாங்கிக்கொண்டு பாட்டை ஒலிபரப்பினால் அதை நேயர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று அமெரிக்கா 1960இல் சட்டம் திருத்தியது. ஒரு பாட்டு எனக்குப் பொருந்தும் என்பதால் வந்ததா, குறைந்த ராயல்டிக்கு ஒப்புக்கொண்டதால் வந்ததா என்பதை அந்தப் பாட்டின் அருகிலேயே ஒரு சிறு குறியால் சொல்வது வடிவமைப்பாளரால் ஒரு நாளில் முடியக்கூடிய வேலை.

தமிழ்ப் பாடல்களைக் கேட்பவர்களுக்கு இவை எல்லாவற்றுக்கும் அடியில் மற்றொரு சிக்கல் இருக்கிறது. இந்தச் செயலிகளின் அடிப்படை அலகு, கலைஞர் ஒருவர், அவருடைய ஆல்பம், அதிலுள்ள பாட்டு என்ற மேற்கத்திய பாப் இசையின் ஒழுங்கு. நம் திரைப்பாடலுக்குப் படம், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர்கள் என்று நான்கு வாசல்கள் உண்டு, நாம் நான்கு வழியாகவும் நுழைகிறோம். கண்ணதாசனின் வரிகளுக்காகப் பழைய பாடல்களைத் தேடும் ஒருவருக்கு, பாடியவர் டி.எம். சௌந்தரராஜனா பி. சுசீலாவா என்பது இரண்டாவது செய்தி. ஸ்பாட்டிஃபை 2018இல் பாடல் உருவாக்கியோரின் பெயர்களைக் காட்டத் தொடங்கியது. ஆனால் அது பாட்டின் பக்கத்தில் ஒரு பட்டியலுக்குள் ஒதுங்கியிருக்கும் தகவல், பரிந்துரை புறப்படும் இடமாக அது ஆகவில்லை. பழைய படங்களின் பாடல்கள் பிற்காலத் தொகுப்புகளாக ஏற்றப்படும்போது, தொகுப்பு வெளியான ஆண்டே பாட்டின் ஆண்டாகப் பதிவாகிவிடுவதுண்டு. அறுபதுகளின் பாட்டு இந்த நூற்றாண்டின் பாட்டாகிவிட்டால், காலத்தை வைத்துத் தேடும் எந்த வசதியும் பயனற்றது. கர்நாடக இசையில் ராகம், தாளம், இயற்றியவர் ஆகியவை பாட்டின் தலைப்புக்குள்ளேயே ஒரே வரியாகத் திணிக்கப்படுகின்றன, அதுவும் ஒவ்வொருவர் ஒவ்வோர் எழுத்துக்கூட்டலில்.

இது தீர்க்க முடியாததன்று என்பதற்கு எடுத்துக்காட்டு கண் முன்னே இருக்கிறது. மேற்கத்திய செவ்வியல் இசைக்கும் இதே தொல்லை இருந்தது: பீத்தோவனின் ஒரே சிம்ஃபொனிக்கு நூற்றுக்கணக்கான பதிவுகள், ஒவ்வொன்றுக்கும் வேறு நடத்துநர், வேறு இசைக்குழு. 2021 ஆகஸ்டில் பிரைம்ஃபோனிக் என்ற சிறிய செவ்வியல் இசைச் சேவையை ஆப்பிள் வாங்கி, 2023 மார்ச்சில் செவ்வியல் இசைக்கென்றே தனிச் செயலியை வெளியிட்டது. அங்கே இயற்றியவரைத் தொட்டால் படைப்புகள், படைப்பைத் தொட்டால் பதிவுகள் என்று போகலாம். தோடி ராகத்தில் ஒரு கீர்த்தனையைக் கேட்டு மனம் நிறைந்தவருக்கு, அதே ராகத்தில் வேறொருவர் இயற்றியதையும், அதே கீர்த்தனையை வேறொருவர் பாடியதையும் அடுத்ததாக வைப்பதற்கு நரம்பியல் வலைப்பின்னல் தேவையில்லை. தகவலைச் சரியாகப் பதிவுசெய்யும் பொறுமையும், அதற்குச் செயலியில் ஓர் இடமும் போதும்.

கேட்பவர் கையில் கடிவாளத்தைக் கொடுக்கும் முயற்சிகள் அண்மைக் காலத்தில் மெல்லத் தொடங்கியிருக்கின்றன. குழந்தையைத் தூங்கவைக்க இரவெல்லாம் ஓடவிட்ட தாலாட்டுகளை வைத்து இயந்திரம் ஒருவரின் ரசனையை முடிவுசெய்துவிடாதபடி, ஒரு பிளேலிஸ்ட்டைக் கணக்கிலிருந்து விலக்கிவைக்கும் வசதி 2023இல் வந்தது. ஒரே கணக்கில் வீடே கேட்கும் நம் குடும்பங்களுக்கு இது சிறிய உதவியன்று. டிஸ்கவர் வீக்லி தன் பத்தாவது ஆண்டில், 2025இல், எந்த இசை வகையிலிருந்து இந்த வாரப் பட்டியல் வேண்டும் என்று சந்தாதாரர்கள் தெரிவுசெய்யும் பொத்தான்களைச் சேர்த்துக்கொண்டது. முப்பது பாடல் என்ற அளவையும் திங்கட்கிழமை என்ற நாளையும் அது விடவில்லை.

இனி மாற்ற வேண்டியது அந்த 30 விநாடி அளவுகோலை. பரிந்துரையில் வந்த பாட்டை ஒருவர் கேட்டாரா என்பதோடு, மூன்று மாதம் கழித்து எந்த அட்டையும் நினைவூட்டாமல், தேடல் பெட்டியில் அதன் பெயரைத் தானே தட்டெழுதித் தேடி வந்தாரா என்பதையும் செயலியால் எண்ண முடியும். அந்தத் தரவு ஒவ்வொரு நிறுவனத்திடமும் ஏற்கெனவே இருக்கிறது.